தேறலும் துணையுணவும்

திண்டுக்கல்லில் பிரியாணியின் மணம் பழையது. பீட்சாவின் வரவு புதியது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து எளிய மக்களின் உணவாக இருந்த பீட்சா, இன்று கடல் கடந்து நம் கடைத்தெரு வரை வந்துள்ளது. மேலைநாட்டார் அதனுடன் செந்நிறத் திராட்சை மதுவை அருந்துவதை ஒரு வழக்கமாகவே கொண்டுள்ளனர். இன்ன உணவுக்கு இன்ன மது என்று தெரிந்து சேர்க்கும் இப்பழக்கம் தமிழர்க்கு முற்றிலும் அயலானது என்றே பலரும் எண்ணுவர். பத்துப்பாட்டைப் பயின்றவர் அவ்வாறு கூறத் தயங்குவர்.

இச்சேர்க்கையின் காரணம் எளியது. கருந்திராட்சையைத் தோலோடு புளிக்க வைப்பதால் அம்மது செந்நிறமும் துவர்ப்பும் பெறுகிறது. பாலாடைக்கட்டியின் கொழுப்பு அத்துவர்ப்பைத் தணிக்கிறது. மதுவின் புளிப்போ நாவில் படிந்த கொழுப்பை அகற்றுகிறது. தக்காளியின் புளிப்புக்கு மதுவின் புளிப்பு ஈடு கொடுக்கிறது. அத்தக்காளியும் இத்தாலிக்கு உரியதன்று. 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவை அடைந்தது. ஆகவே தொன்மையானது எனப் போற்றப்படும் இச்சேர்க்கையும் இடைக்காலத்துக்குப் பின்னர் உருவானதே.

தமிழ்ச் சான்றுகள் இதனினும் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பட்டினத்துக்குச் செல்லும் பாணனுக்குக் கிடைக்கும் விருந்தைக் கூறுகிறது. நெல் மாவை ஊட்டிப் பல நாள் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண் பன்றியின் கொழுத்த தசை; அதனோடு களிப்பு மிக்க நறவு. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்து நெய்தல் நிலத்தைக் காட்டுகிறது. நுளைச்சி வடித்தெடுத்த பழந்தேறலும் உலர்ந்த குழல்மீனின் சூடும் அங்குக் கிடைக்கும். மலைபடுகடாமோ குறிஞ்சி நிலத்தார் மூங்கிற் குழாயில் விளைவித்த தேன் தேறலையும், கடமானும் முள்ளம்பன்றியுமாகிய வேட்டை இறைச்சியையும் பேசுகிறது. கொழுப்புக்குக் கடுங்கள், கருவாட்டுக்கு முதிர்ந்த தேறல், வேட்டை இறைச்சிக்குத் தேன் மது என இவை திணைதோறும் வேறுபடுகின்றன. நிலம் தந்த உணவுக்கு அந்நிலத்து மதுவே துணையாயிற்று. அம்மதுவை ஆக்கிய கைகளுள் பெண்களின் கைகளும் இருந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

திராட்சை மதுவின் நிலை இதனின் வேறானது. யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழ்வானாக என நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாடலில் உள்ளது. அத்தகைய மது வந்த மண்சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டிலும், வையைக் கழிமுகத்து அழகன்குளத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவ்வையையே நிலக்கோட்டை, வத்தலக்குண்டு ஊர்களை அடுத்து ஓடித் திண்டுக்கல் சமவெளியின் தென்பகுதியைத் தொடுகிறது. ஆயின் அவ்வாழ்த்தில் பொற்கலம் உண்டு, துணையுணவு இல்லை. மண்ணின் மதுவைப் பாடியோர் உடன் உண்டதையும் சேர்த்துப் பாடினர். வந்த மதுவோ அரசனின் செல்வச் சிறப்பைக் காட்டும் பொருளாக மட்டுமே நின்றது.

அத்திராட்சை மது மீண்டும் இப்பகுதிக்கு வந்தபோது தன் துணையுணவோடு வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி துறவிக் கோலம் பூண்டார். ஊனும் மதுவும் நீக்கினார். எனினும் திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் இன்றியமையாதவை. உணவில் மதுவை விலக்கிய துறவி, வழிபாட்டில் அதனை ஏந்தினார். 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவரும் இத்தாலியர். மதுரை மிஷனில் பணியாற்றியவர். அவர் இயற்பெயரால் திண்டுக்கல்லில் பெஸ்கி கல்லூரி விளங்குகிறது. இவ்விருவரின் தாயகத்து அப்பமும் மதுவும் மதுரை நாட்டில் விருந்தாக அன்றி வழிபாடாகவே முதலில் வேரூன்றின.

பின்னர்த் திராட்சைக் கொடியே வந்தது. பன்னீர் திராட்சை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்குக் கொணரப்பட்டது என்பர். சிறுமலை அடிவாரத்து வெள்ளோடு, கொடைரோடு, அம்மையநாயக்கனூர்ப் பகுதிகளில் அது பந்தலேறியது. கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. எனினும் இப்பழம் பெரும்பாலும் கூடையேறிச் சந்தைக்கே செல்கிறது, சாடிக்குச் செல்வதில்லை.

அதற்குச் சமூகக் காரணமும் உண்டு. மதுவின் கேட்டை அறியாதவர் அல்லர் தமிழர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது; 1971இல் தளர்ந்தது; 1974இல் மீண்டது. 1983இல் அரசு வாணிபக் கழகம் தோன்றியது. 1987இல் கள் விலக்கப்பட்டது. இதனால் மண்ணின் மது மறைந்தது. புட்டி மது நிலைத்தது. குடியால் சிதைந்த இல்லங்களின் சுமையைத் தாங்குவோர் பெண்களே. ஆதலின் சங்க மதுவைப் பாராட்டுவது இன்றைய குடியைப் பாராட்டுவது ஆகாது. ஆனால் அந்நாணத்தால் வகுப்பறையில் இப்பகுதிகளை விரைந்து கடந்து போகும் வழக்கம் ஏற்படின், மதுவோடு நுளைச்சியும் பாணனும் அவர்தம் விருந்தும் நம் பார்வையிலிருந்து மறைவர்.

சேர்க்கையின் நுட்பம் மட்டும் அழியவில்லை. 1957இல் தலைப்பாகட்டிக் கடை தோன்றிய காலந்தொட்டுப் புகழ் பரப்பிவரும் திண்டுக்கல் பிரியாணியை நோக்கினால் இது விளங்கும். சீரகச் சம்பாவும் ஆட்டிறைச்சியும் கலந்த அவ்வுணவின் கொழுப்பைத் தணிப்பவை தயிர்வெங்காயமும் புளியிட்ட தால்சாவும். நேப்பிள்ஸில் மது செய்யும் பணியை இங்குத் தயிரும் புளியும் செய்கின்றன. நாவின் தேவை ஒன்றே. நிலந்தோறும் விடை வேறு.

அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையை இங்கு நினைத்தல் தகும். சிறிது கள் பெறின் அவன் தமக்கே தந்ததையும், பெரிது பெறின் தாம் பாடத் தான் மகிழ்ந்து உண்டதையும், எலும்போடு கூடிய தசை கிடைத்த இடமெல்லாம் தமக்கே ஈந்ததையும் அவர் ஒருங்கே கூறுகிறார். கள்ளும் ஊனும் அங்கு இணைந்தே வருகின்றன. ஆயினும் ஔவை இழந்தது அவ்விரண்டையும் அல்ல. அவற்றைப் பகுத்துக் கொடுத்த கையை. மதுவுக்கு எவ்வுணவு துணை என்னும் வினாவுக்குப் பழந்தமிழ்ப் புலவர் நிலத்துக்கேற்ற விடைகள் பல கூறினர்; எல்லாவற்றிலும் உடன் உண்போர் இருந்தனர்.