படியளந்தவர் யார்?

சாமையும் தினையும் விளையும் மலை, கல்வராயன் மலை. அங்கே கரியாலூரில் நிற்பவனுக்கு ஒரு வினா எழாமற் போகாது: விளைந்ததெல்லாம் உழைத்தவன் வீடு சேர்ந்ததா? 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலையல்லவா அது! அந்த மலையின் மேற்குச் சரிவில் இறங்கினால் சேலம் மாவட்டம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில், சாவு மிகுந்த மாவட்டங்களுள் ஒன்று அது.

மழை பொய்த்தது, மறுப்பாரில்லை. ஆண்டவன் படியளப்பான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த மக்கள், அந்தப் படிக்காகக் காத்திருந்தனர். படியளக்க ஒருவர் வரவும் செய்தார். ஆண்டவனல்லர், 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள். நாள் முழுதும் கல் உடைத்து மண் சுமக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கணக்கிட்டார் அவர். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு.

இந்த டெம்பிள் யார்? 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை முன்நின்று நடத்தியவர். அன்று பர்மாவிலிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் டன் அரிசி தருவிக்கப்பட்டது. பட்டினிச் சாவு மிகச் சிலவே. பாராட்டினார்களா? பணத்தைப் பாழாக்கினார் என்று இலண்டனில் ஏசினார்கள்! ஏச்சுக்கு அஞ்சியவர், சென்னைக்கு வந்ததும் கையைச் சுருக்கிக்கொண்டார். மூன்றாண்டுகளில் மனிதனின் வயிறு சுருங்கிவிடுமா, தோழர்களே? வயிறு அதேதான்; கொள்கைதான் மாறியது.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாளாவிருக்கவில்லை. ஒன்றரைப் பவுண்டு தானியமும், பருப்பும், காய்கறியுமின்றி உழைக்கும் உடல் தாங்காது என்று வாதாடினார். எலும்பும் தோலுமாய் நின்றோரே அவர் தரப்புச் சாட்சிகள்! மாதக்கணக்கில் நடந்த வழக்கின் முடிவில் படி சற்றே உயர்ந்தது. அதற்குள் போன உயிரை எந்தப் படியால் அளப்பது? வெள்ளையர் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று பின்னர் பஞ்ச விசாரணைக் குழுவே கணக்கிட்டது. அதே காலத்தில் துறைமுகங்களில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. தடை செய்யலாமா? கூடாதாம்! வாணிபச் சுதந்திரம் கெட்டுவிடுமாம்!

1877 ஆகஸ்டில் ஆளுநர் பக்கிங்காம் கோமகன், இலண்டன் மாநகரத் தலைவருக்கு வேண்டுகோள் விடுத்தார். லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரண மக்கள் தந்த காசு ஏறத்தாழ 78 இலட்ச ரூபாயாகத் திரண்டது. சோறிடுவது அரசின் கடமை என்பதால், விதை வாங்கவும், மாடு வாங்கவும், இடிந்த குடிசையை எழுப்பவும் அந்நிதி பயன்பட்டது. முகமறியாத ஒருவன் கடல்கடந்து அனுப்பிய காசில் இங்கே ஏர் மீண்டும் பூட்டப்பட்டது. வள்ளல்களின் வரலாறு எழுதுவோர் இதை ஏனோ எழுதுவதில்லை.

வெள்ளையர் போனபின் நிலை என்ன? 1950 டிசம்பரில் இந்தியா அமெரிக்காவிடம் 20 இலட்சம் டன் தானியம் கேட்டது. பசித்தவன் காத்திருக்க, அங்கே மன்றத்தில் பேரம் நடந்தது: திருவிதாங்கூர்க் கடற்கரையின் மோனசைட் மணலைத் தருவார்களா? அணுசக்திக்கு உதவும் தோரியம் அந்த மணலில் உண்டு. நேரு இசையவில்லை. முடிவில் 1951 ஜூனில், 19 கோடி டாலர் கடனாகக் கோதுமை வந்தது. 1965க்குப் பின் ஜான்சன் ஆட்சி, ஒவ்வொரு கப்பலையும் எண்ணி எண்ணி விடுத்தது. ஒரு நாட்டின் தயவில் மறுநாடு உண்ணும் இழிவு குறைய, உலக உணவுத் திட்டம் 1961இல் பிறந்திருந்தது; ஆண்டுதோறும் இன்ன அளவு தருவோம் என்று கொடுக்கும் நாடுகள் ஒப்பந்தத்தால் தம்மைக் கட்டிக்கொண்டது 1967இல்.

கையேந்திய சென்னையிலிருந்தே 2022 மே 18 அன்று ஒரு கப்பல் கிளம்பியது. பொருளாதாரம் நொறுங்கிய இலங்கைக்குத் தமிழ்நாடு அறிவித்த 40,000 டன் அரிசியில், முதல் 9,000 டன் அதில் இருந்தது. பால்மாவும் மருந்தும் உடன் சென்றன. மாநிலம் தானாக அனுப்ப இயலாது. ஒன்றிய அரசின் இசைவு பெற்றே அனுப்ப வேண்டியிருந்தது. முதலில் எண்ணியது ஈழத்தமிழர்க்கும் மலையகத் தமிழர்க்கும் உதவவே. பின்னர், தமிழர் சிங்களர் என்று பாராமல் அனைவர்க்கும் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. மூட்டைகளில் அச்சிடப்பட்டிருந்தது, தமிழ்நாட்டு மக்களின் அன்பு என்னும் செய்தி.