ஏ.ஆர்.டி.எஸ். நோயில் குருதி உயிர்க்குறிப்பான்கள்

நிமோனியா, செப்சிஸ், விபத்துக் காயம் போன்றவற்றால் நுரையீரலின் காற்றறைகளும் அவற்றைச் சுற்றியுள்ள தந்துகிகளும் சிதைந்து, நீர் கசிந்து, ஆக்சிஜன் குருதியில் சேராமல் போகும் நிலை ஏ.ஆர்.டி.எஸ். (கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறி). நோயின் போக்கை முன்கூட்டிக் கணிக்கக் குருதியில் அளக்கப்படும் புரதங்கள் முதலியன இதன் உயிர்க்குறிப்பான்கள் ஆகும்.

தொடக்கம்

1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்களான ஆஷ்பா, பிக்லோ, பெட்டி, லெவின் ஆகியோர் 12 நோயாளிகளைக் கொண்டு இந்நோயை 'லான்செட்' இதழில் விவரித்தனர். அதன்பின் நெடுங்காலம் மார்பு எக்ஸ்ரேயும் ஆக்சிஜன் அளவுமே மருத்துவர்களுக்கு வழிகாட்டின. எந்தத் திசு காயப்பட்டது என்பதை அவை சொல்வதில்லை. 1990-இல் ரூபின் குழுவினர், செப்சிஸ் நோயாளிகளின் குருதியில் வான் வில்லிபிராண்ட் காரணி மிகுந்திருந்தால் நுரையீரல் பாதிப்பு வரக்கூடும் எனக் காட்டினர். குருதிக்குழாயின் உட்சுவர் செல்கள் காயப்படும்போது இது மிகுதியாக வெளிப்படுகிறது.

சேமித்த குருதி

2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 861 பேர் பங்கேற்றனர். வென்டிலேட்டர் தரும் ஒவ்வொரு மூச்சையும் உயரத்தைக் கொண்டு கணித்த உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 ஆகக் குறைத்ததும் இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 ஆகச் சரிந்தது. பங்கேற்றோரின் பிளாஸ்மா உறைநிலையில் சேமிக்கப்பட்டிருந்தது. அதை ஆராய்ந்து 2005-இல் வெளியான முடிவுகளின்படி, அழற்சியைக் காட்டும் புரதங்களான இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 மிகுந்தவர்களே அதிகம் இறந்தனர். சிறிய மூச்சு பெற்றவர்களிடம் மூன்றாம் நாளுக்குள் இவ்விரண்டும் கூடுதலாகத் தணிந்தன. பெரிய மூச்சு அழற்சியையும் வளர்க்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. 2010-இல், குறிப்பான்கள் பலவற்றை நோய்த்தீவிர மதிப்பெண்ணுடன் சேர்த்தால் கணிப்பு மேம்படும் என்பதும் தெரிந்தது.

இரு வகைகள்

2014-இல் கேரலின் கால்ஃபி குழுவினர் பழைய ஆய்வுகளின் தரவுகளை மீண்டும் அலசி, இந்நோயில் மிகையழற்சி, குறையழற்சி என இரு வகை உண்டெனக் கண்டனர். முதல் வகையில் இன்டர்லூக்கின்கள் மிகுந்தும், பைகார்பனேட்டும் புரதம் சி-யும் குறைந்தும் இருக்கும், இறப்பும் மிகுதி.

மருந்து ஆய்வுகளின் முடிவுகளை இக்கண்டுபிடிப்பு மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. அனைவரையும் ஒன்றாகக் கணக்கிட்டபோது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான சிம்வாஸ்டாட்டின் இந்நோயில் பயனற்றதாகவே தெரிந்தது. 2018-இல் வகைபிரித்துப் பார்த்தபோது, மிகையழற்சி வகையினரில் அம்மருந்து பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தனர். முடிந்துபோன ஆய்விலிருந்து பெற்ற இம்முடிவைப் புதிய ஆய்வுகளில் சோதித்தாக வேண்டும். படுக்கையருகிலேயே விரைந்து முடிவு தரும் குருதிச் சோதனையும் அதற்குத் தேவை. யார் இறக்கக்கூடும் என்று கணிப்பதைவிட, யாரை எம்மருந்தால் காக்கலாம் என்று காட்டுவதே உயிர்க்குறிப்பான்களின் பெரும்பயன்.