பழைய கிதாரை வாசித்தல்

குவென்டின் டரன்டினோவின் 'த ஹேட்ஃபுல் எய்ட்' (2015) படத்தில் ஒரு காட்சி. ஜெனிஃபர் ஜேசன் லீ கிதார் மீட்டிப் பாடுகிறார். கர்ட் ரஸ்ஸல் அதைப் பிடுங்கி அறைந்து நொறுக்குகிறார். லீயின் முகத்தில் தெரியும் பதற்றம் நடிப்பல்ல. உடைப்பதற்கென்று நகல்கள் தயாராக இருந்தும், மாற்றி வைப்பதற்குள் உடைந்துபோனது 1870களில் செய்யப்பட்ட அசல் மார்ட்டின் கிதார். இரவல் தந்த மார்ட்டின் அருங்காட்சியகம், இனித் திரைப்படங்களுக்குக் கருவிகளைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. காப்பீட்டுத் தொகை வந்தது, கிதார் மீளவில்லை.

அச்சு அசலாக நகல் செய்ய முடியும் என்னும்போது அசலின் இழப்பு ஏன் இவ்வளவு பெரிதாகிறது?

சாக்சனியில் 1796இல் பிறந்த சி. எஃப். மார்ட்டின், கிதார் செய்யும் உரிமை யாருக்கு என்று வயலின் செய்வோருக்கும் மரச்சாமான் தச்சருக்கும் மூண்ட பூசலுக்குப் பின் 1833இல் நியூயார்க் வந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் 1898 வரை அவரது நிறுவனத்தின் கருவிகள் 'நியூயார்க்' முத்திரையையே தாங்கின. தொடர் எண் இடும் வழக்கமும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. ஆகவே, முத்திரையை மட்டும் நம்புபவர் கிதார் பிறந்த ஊரையே பிழையாக எழுதுவார். அதற்கு முந்தைய கிதாரின் வயதை அறிய, ஒலித்துளை வழியே விளக்கும் கண்ணாடியும் செலுத்தி, மேற்பலகைக்கு அடியில் ஒட்டிய தாங்குசட்டங்களையும் மரத்தையும் பசையையும் படிக்க வேண்டும். அக்கருவியின் வரலாற்றுக்குப் பெரும்பாலும் அதன் உடலே சாட்சி. நகலில் இந்தச் சாட்சி இல்லை.

செப்பனிடும்போது இந்தச் சாட்சியம் அழிந்துவிடவும் கூடும். 19ஆம் நூற்றாண்டின் மார்ட்டின்கள் குடல்நரம்புத் தந்திகளுக்காகச் செய்யப்பட்டவை. எஃகுத் தந்தி அங்கே பொதுவழக்கானது 1920களில். பழைய கிதாரில் எஃகுத் தந்தி பூட்டினால் மேற்பலகை புடைக்கும், தந்திப்பாலம் பெயரும், கழுத்து வளையும். பழைய தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரப்பசை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகும். அதனால் கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி, மீண்டும் பொருத்த முடிகிறது. எப்பாக்சி பூசிவிட்டால் அடுத்து வருபவருக்கு அந்த வழி அடைபடும். பழைய மெருகைச் சுரண்டிப் புதிது பூசுவதோ பிழை நிறைந்த பதிப்புக்கு ஒப்பானது: பார்க்கப் பளபளக்கும், மூலம் போயிருக்கும். சந்தை விலையும் சரியும். பிரேசில் ரோஸ்வுட் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992இல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால், போன பலகைக்கு ஈடான பலகை கிடைப்பதும் அரிது.

அப்படியானால் எதையும் தொடாமல் விட்டுவிடுவதுதான் மரியாதையா? வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிதார் வேறொரு விடை சொல்கிறது. விரலால் மீட்ட வேண்டிய நைலான் தந்திக் கருவி அது. மீட்டுவில்லை உரசி உரசி மேற்பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. பல்லாண்டுகளாக அதைப் பராமரித்துவந்த ஆஸ்டின் கைவினைஞர் மார்க் எர்ல்வைன், உட்சட்டங்களைச் செப்பனிட்டார், மேலே அரக்குமெருகு பூசிக் காத்தார், ஓட்டையை அடைக்கவில்லை. அந்தத் தேய்மானம் பல்லாயிரம் இரவுகளின் வாசிப்பு எழுதிவைத்த பதிவு என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

கருவி தொடர்ந்து ஒலிக்கத் தேவையானதைச் செய்வது, அது வாழ்ந்ததன் தடயத்தைத் துடைக்காதிருப்பது: செப்பனிடுபவர் காக்க வேண்டிய எல்லை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. படப்பிடிப்பில் நொறுங்கிய கிதாருக்கு அந்த வாய்ப்புக்கூட எஞ்சவில்லை.