நெட் இல்லை, பாஸ்வேர்டு இல்லை... இந்த வைஃபையில் கனெக்ட் பண்ணலாமா?

வைஃபை லிஸ்ட்டில் 'பைரேட்பாக்ஸ்' என்று வந்தால் கனெக்ட் பண்ணுவீங்களா? பலரும் தயங்குவாங்க.

அது என்ன?
நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டார்ட்ஸ் 2011-ல் உருவாக்கியது. சின்ன ரவுட்டர், ஒரு பென் டிரைவ், அவ்வளவுதான். இன்டர்நெட் கிடையாது. பக்கத்தில் இருப்பவர்கள் லாகின் இல்லாமலே ஃபைல் போடலாம், எடுக்கலாம்.

என்ன சிக்கல்?
பெயரே 'கடற்கொள்ளையர் பெட்டி'! யார் வைத்தது, உள்ளே என்ன இருக்கு என்று புதியவருக்குத் தெரியாது.

யார் மாற்றினார்?
அமெரிக்க நூலகர் ஜேசன் கிரிஃபி இதையே 'லைப்ரரிபாக்ஸ்' ஆக்கினார். இதில் பயனர்கள் ஃபைல் எடுக்கலாம், போட முடியாது.

நீங்க வைத்தால்?
'இலவசப் புத்தகங்கள்' மாதிரி தெளிவான பெயர் வையுங்க. வைத்தவர் யார், உள்ளே என்ன என்று பக்கத்திலேயே போஸ்டர் ஒட்டுங்க. நெட் இல்லாததால் போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவலாம். அதை ஆஃப் செய்யவும் சொல்லிடுங்க.