படுவான்கரையில் அறக்கொடை: வெல்லாவெளிப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே விரிந்து கிடக்கும் நிலப்பரப்பு படுவான்கரை எனவும், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பகுதி எழுவான்கரை எனவும் வழங்கப்பெறும். ஞாயிறு படும் கரை, எழும் கரை என மக்கள் இட்ட இப்பெயர்கள் திசையை மட்டும் குறிப்பனவல்ல. கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்று ஆகியன பெரும்பாலும் எழுவான்கரையில் வளர்ந்தன. நெல்லும் பாலும் படுவான்கரையிலிருந்து சென்றன. போரதீவுப்பற்றின் நிருவாக மையமாகிய வெல்லாவெளி இப்படுவான்கரையைச் சார்ந்தது. இப்பகுதியில் நலிந்தோர்க்கான கொடை எவ்வெவ் வடிவங்களைப் பெற்றது, அதனை யார் பெறுவதெனத் தீர்மானித்தோர் யாவர் என்பனவே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாக்கள்.

1. கோயிலும் குடியும்

இப்பிரதேசத்தின் மிகப் பழைய அறநிலையம் கோயிலேயாகும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம், சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் ஆலயம் முதலியவற்றின் நிருவாகம் தாய்வழிக் குடிமுறையோடு பிணைந்திருந்தது. குடிகளின் சார்பில் வண்ணக்கர் கோயிற் பொருளைப் பேணினார். திருவிழா உபயமும் அன்னதானமும் குடிகளுக்கெனப் பங்கிடப்பட்டன. பசித்தோர் உண்டனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொடுப்போனின் தகுதியை ஊரறிய நிலைநாட்டும் வரிசையும் முன்னீடும் இக்கொடையிலிருந்து பிரிக்க முடியாதவை. கொடை சமத்துவத்தை நோக்கியதன்று; படிநிலையை அது உறுதிப்படுத்தியது.

வயலிலும் இதே உறவு நிலவியது. பெருநிலவுடைமையாளரான போடியார், முல்லைக்காரருக்கும் வயற்காரருக்கும் பஞ்ச காலத்தில் நெல் கொடுத்தார். அது அறுவடையின்போது கழித்துக்கொள்ளப்பட்டது. ஆதரவு என்றும் கடன் என்றும் ஒரே செயலுக்கு இரு பெயர்கள் வழங்கியமை நோக்கற்பாலது.

2. மிஷனும் சட்டமும்

1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பிற் பாடசாலை தொடங்கியதிலிருந்து கல்வியும் அறப்பணியின் ஒரு கூறாயிற்று. 1929இல் சுவாமி விபுலாநந்தரின் முயற்சியாற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லம் வறிய சிறுவர்க்கு உணவும் உறையுளும் கல்வியும் அளித்தது. ஒரு நாட்பசியைத் தீர்ப்பதினின்று ஒரு வாழ்க்கையை மாற்றுவதற்குக் கொடை நகர்ந்தமை இங்கு ஏற்பட்ட முக்கிய மாற்றமாகும். எனினும் இந்நிறுவனங்களின் மையங்கள் வாவியின் கிழக்கே அமைந்தன.

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, மனிதகுலத்துக்குப் பயன்தரும் பிற நோக்கங்கள் என அறநோக்கங்களை வகுத்தது. அறப்பொருளைப் பொறுப்பேற்றவர் அதற்குக் கணக்குக் காட்டும் கடமையும் உடையவர் என்னும் கருத்து இதனாற் சட்டவலுப் பெற்றது. பின்னர் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூகசேவை அமைப்புகளைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தியது. இச்சட்டங்களின்கீழ்க் கணக்குக் கேட்கும் உரிமை பெரிதும் அரசுக்கும் நீதிமன்றுக்கும் உரியதாயிற்று. கொடை பெறுவோன் கேள்வி எழுப்பும் நிலை உருவாகவில்லை.

3. சூறாவளி, போர், ஆழிப்பேரலை

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சிதைத்தது. அதனைத் தொடர்ந்த போர்க்காலம் படுவான்கரை மக்களைப் பலமுறை இடம்பெயரச் செய்தது. 1991 யூன் 12இல் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்த படுகொலையை அரசு நியமித்த ஆணைக்குழு விசாரித்து நட்டஈட்டைப் பரிந்துரைத்தது. நட்டஈடு கொடையன்று, அது உரிமை. உரிமையாகப் பெறவேண்டியது கிடைக்காதபோது அல்லது போதாதபோதே மக்கள் கொடையை நாடி நிற்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. உலகின் உதவி அங்குக் குவிந்தது. வாவியால் மறைக்கப்பட்ட படுவான்கரை அலைக்குத் தப்பியது. அதனாலேயே அந்நிதிக்கும் புறம்பாயிற்று. 2007இன் முற்பகுதியில் இராணுவ நடவடிக்கைகள் வெல்லாவெளி உள்ளிட்ட பகுதி மக்களைப் பெருந்தொகையாக இடம்பெயர்த்தபோது, அத்தகைய உதவிப் பெருக்கு அவர்களைத் தேடி வரவில்லை. கொடையாளரின் கவனம் துயரின் அளவை மட்டும் பின்தொடர்வதில்லை. துயர் உலகுக்கு எவ்வளவு புலப்படுகிறது என்பதையும் அது பின்தொடர்கிறது. 2012/13ஆம் ஆண்டின் அரச கணிப்பில் நாட்டின் வறுமை விகிதம் 6.7 ஆக இருக்க, மட்டக்களப்பு மாவட்டத்தின் விகிதம் 19.4 ஆக நின்றது.

4. வீடு யாருடையது?

உள்ளூர் வழக்கையறியாத கொடை தீங்கும் விளைக்கக்கூடும். மட்டக்களப்புத் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் வீடு சீதனமாக மகளுக்கு உரியது. கணவனே மனைவியின் வீட்டுக்கு வருகிறான். போரிற் கணவனை இழந்த பெண்ணுக்கு இவ்வழக்கம் ஓர் அரணாயிருந்தது. ஆழிப்பேரலைக்குப் பிந்திய வீடமைப்பிலோ, ‘குடும்பத் தலைவர்’ என ஆணின் பெயரில் உறுதி வழங்கப்பட்ட சந்தர்ப்பங்கள் பலவாகும். குடியேற்றக் காணிகளை ஆண்ட 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசுரிமையில் மூத்த மகனையே முன்வைத்தது. 2022இலேயே அது திருத்தப்பட்டது. இவ்வாறு, வறியோர்க்கு வீடும் காணியும் அளித்த ஏற்பாடுகளே பெண்ணின் பழைய உரிமையைப் பறிக்கலாயின.

போருக்குப் பின் பரவிய நுண்நிதிக் கடன் இதன் மறுபக்கமாகும். பெண்களின் மேம்பாடு என்ற பெயரில் வந்த அது அவர்களை வட்டிச் சுமைக்குள் தள்ளியது. வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற சிறுகடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. போடியாரின் நெற்கடன் புதிய உருவில் திரும்பியதெனலாம்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓருண்மை புலப்படும். கோயில், மிஷன், வெளிநாட்டு நிறுவனம் ஆகிய மூன்றும் நலிந்தோர்க்கு உதவியுள்ளன. ஆயின் மூன்றிலும் தீர்மானிப்போர் நலிந்தோர் அல்லர். வெளியார் நிதி வற்றிவரும் இக்காலத்தில், ஊரவரும் புலம்பெயர்ந்தோரும் சேர்ந்து திரட்டும் உள்ளூர் அறநிதியங்களே எஞ்சும் வழியாகத் தோன்றுகின்றன. ஆனால் உள்ளூர்த்தன்மை ஒன்றே போதிய உத்தரவாதமன்று, போடியாரும் உள்ளூரவரே. கூலி விவசாயியும், கணவனை இழந்த பெண்ணும், குடிவரிசையிற் கடைநிலையில் வைக்கப்பட்டோரும் தெரிவுக் குழுவில் அமர்தல் வேண்டும். கொடை கடனாக மாறாதிருத்தல் வேண்டும். வீடும் காணியும் பெண்ணின் பெயரிற் பதியப்படல் வேண்டும். கோயில் முன்றலிலே, யாவரும் கேட்க, கணக்கு வாசிக்கப்படல் வேண்டும். உபயத்தின் பெருமை கொடுத்தவனைச் சேர்ந்த காலம் நீண்டது. அதன் பொறுப்பு ஊருக்கு உரியதாகும்போதே படுவான்கரையில் அறம் உரிமையாக மலரும்.