வீடியோ போடும் முன் விண்ணப்பம்: பேடன்ட், டிசைன், டிரேட்மார்க்... சிறு தொழில் செய்வோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு, மாரண்டஹள்ளி வட்டாரம் என்றாலே தக்காளிதான். இங்குள்ள பட்டறைக்காரர் ஒருவர், தக்காளியை நசுங்காமல் அளவுவாரியாகப் பிரிக்கும் புது மெஷின் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன செய்வார்? வீடியோ எடுத்து யூடியூபில் போடுவார். சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

ஒரு மெஷின், மூன்று உரிமைகள்

பேடன்ட்: மெஷின் வேலை செய்யும் விதம் புதிதாக இருந்தால் கிடைப்பது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும்.

டிசைன்: வெளித்தோற்றத்துக்கு மட்டும். முதலில் 10 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

டிரேட்மார்க்: பெயர், லோகோவுக்கு. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் எத்தனை காலமும் வைத்துக்கொள்ளலாம்.

எதை முதலில் செய்ய வேண்டும்?

பேடன்ட், டிசைன் இரண்டுக்கும் 'இதுவரை வெளியில் தெரியாதது' என்பதே அடிப்படை நிபந்தனை. விண்ணப்பிக்கும் முன் வீடியோ போட்டாலோ, விற்றாலோ, அதுவே உங்களுக்கு எதிரான ஆதாரமாகிவிடும். மெஷின் முழுமையாகத் தயாராகவில்லையா? பேடன்டுக்குத் தற்காலிக விண்ணப்பம் கொடுத்துத் தேதியைப் பிடித்துவைக்கலாம். 12 மாதங்களுக்குள் முழு விண்ணப்பம் தர வேண்டும்.

டிரேட்மார்க் அப்படியல்ல. பெயரைப் பயன்படுத்திக்கொண்டே விண்ணப்பிக்கலாம். முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க பழைய பில், விளம்பரங்கள் கையில் இருக்க வேண்டும்.

செலவு எவ்வளவு?

தனிநபர், உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம்: பேடன்ட் ரூ.1,600, டிசைன் ரூ.1,000, டிரேட்மார்க் ஒரு பொருள் வகுப்புக்கு ரூ.4,500. வக்கீல் ஃபீஸ் தனி. பேடன்டுக்குப் பரிசோதனைக் கட்டணமும் தனி. 31 மாதங்களுக்குள் பரிசோதனை கோராவிட்டால் விண்ணப்பமே கைவிட்டுப் போகும்.

ஓசூர் பைக் சொல்லும் பாடம்

இது பெரிய கம்பெனிகளையும் விடவில்லை. பக்கத்து ஊரான ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ், 2007-ல் 'ஃபிளேம்' பைக்கைக் கொண்டுவந்தது. இரட்டை ஸ்பார்க் பிளக் இன்ஜின் தங்கள் பேடன்ட் என்று பஜாஜ் வழக்குப் போட்டது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2009-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. விற்பனைக் கணக்கை முறையாக வைத்துக்கொண்டு பைக்கை விற்கலாம் என உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் சொன்னது. சண்டை சமரசத்தில் முடிந்தது 2019-ல்தான். எனவே அடுத்தவர் பேடன்டில் கால் வைக்கிறோமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. அரசு இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம்.

இந்தத் தவறுகள் வேண்டாம்

* ஜிஎஸ்டி, உத்யம் பதிவு இருந்தால் பெயர் நமக்கே சொந்தம் என்று நினைக்க வேண்டாம். டிரேட்மார்க் பதிவு வேறு.

* வெறும் ஊர்ப் பெயரை பிராண்டாகப் பதிவது கடினம். 'மாரண்டஹள்ளி' என்பது எல்லோருக்கும் பொது. தனித்துவமான பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

* பதிவுக்கு முன் 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போட்டால் குற்றம்.

தமிழ்நாட்டுக்கான பேடன்ட், டிரேட்மார்க் அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. ஆனால் நேரில் போக வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைனிலேயே முடியும். மெஷின் ரெடியா? முதலில் விண்ணப்பம், அப்புறம் வீடியோ.