தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ்

உலகில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் மிக அதிகமாக உள்ள நாடு தென்னாப்பிரிக்கா. உலகெங்கும் இத்தொற்றுள்ள சுமார் 4 கோடிப் பேரில் ஐந்தில் ஒருவர் இந்நாட்டவர். 1982இல் முதல் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். 1990இல் அரசு மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்ட கர்ப்பிணிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானோருக்கே தொற்று இருந்தது. 2005இல் அது 30 விழுக்காடாகியது. சுரங்கங்களில் வேலை பார்த்த ஆண்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு ஆண்டின் பெரும்பகுதியை விடுதிகளில் கழிக்க நேர்ந்ததும், நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களின் மருத்துவ வசதியைப் புறக்கணித்ததும் தொற்று பரவ வழிவகுத்தன.

எய்ட்ஸால் எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகளில் பலரும் காசநோயால் இறந்தனர். எய்ட்ஸ் என்று சொல்லக் குடும்பங்கள் கூசியதால் சாவின் உண்மையான காரணம் மறைக்கப்பட்டது. அதை வெளியே சொல்வது உயிருக்கே ஆபத்தாகவும் முடிந்தது. டர்பன் அருகே வாழ்ந்த குகு டிலாமினி என்ற பெண், 1998 டிசம்பரில் உலக எய்ட்ஸ் நாளையொட்டித் தமக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். அதே மாதத்தில் அக்கம்பக்கத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். டர்பன் நகரப் பூங்கா ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அதே டிசம்பரில் கேப் டவுனில் ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’ தொடங்கப்பட்டது. ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பனியன்கள் அதன் அடையாளமாயின. தொற்று உள்ளவர்களும் இல்லாதவர்களும் அவற்றை அணிந்ததால், யார் நோயாளி என்று பிரித்தறிய முடியவில்லை. 2002இல் முன்னாள் அதிபர் நெல்சன் மண்டேலாவும் அந்தப் பனியனை அணிந்தார். கிருமி உடலை எப்படித் தாக்குகிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைச் சேரிகளில் எளிய மக்களுக்குப் பாடமாக நடத்தியது இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு. இயக்கத் தலைவர் சாக்கி அக்மத் தாமே நோயாளி. ஏழைகளுக்கு மருந்து கிடைக்கும்வரை தாமும் அதைத் தொடுவதில்லை என்று பல ஆண்டுகள் உறுதியாக இருந்தார்.

மருந்தின் விலை முதல் தடையாக இருந்தது. ஆண்டுக்கு 10,000 டாலர் வரை ஆன கூட்டு மருந்துச் சிகிச்சையை, 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது. மலிவு மருந்துக்கு வழிசெய்யும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து வழக்காடிய 39 மருந்து நிறுவனங்களும் அவ்வாண்டு ஏப்ரலில் பின்வாங்கின.

அடுத்த தடை அரசே. எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. கிருமிதான் காரணமா என்றே அதிபர் தாபோ எம்பெக்கி ஐயம் எழுப்பினார். 2000 ஜூலையில் டர்பனில் நடந்த அனைத்துலக எய்ட்ஸ் மாநாட்டில், தொற்றுடன் பிறந்த 11 வயதுச் சிறுவன் கோசி ஜான்சன், கர்ப்பிணிகளுக்கு மருந்து தரும்படி மேடையேறிக் கேட்டான். மறு ஆண்டில் இறந்தான். 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்டு, தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைத் தடுக்கும் நெவிரப்பின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் வழங்க ஆணையிட்டது. நலத்துறை அமைச்சரோ பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் ஆகியவற்றைப் பரிந்துரைத்துவந்தார். 2006இல் டொராண்டோ எய்ட்ஸ் மாநாட்டின் தென்னாப்பிரிக்க அரங்கிலும் அவையே பரப்பி வைக்கப்பட்டிருந்தன. இத்தனைக்கும் மருந்து கைக்கெட்டும் விலைக்கு வந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. 2000 முதல் 2005 வரையிலான தாமதத்தால் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் வீணாயின, 35,000 குழந்தைகள் தொற்றுடன் பிறந்தன என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டனர்.

மண்டேலாவின் மகன் மக்காத்தோ 2005 ஜனவரியில் இறந்தபோது, காரணம் எய்ட்ஸ் என்று தந்தையே மறைக்காமல் செய்தியாளர்களிடம் அறிவித்தார்.

எம்பெக்கி 2008இல் பதவி விலகிய பின் சிகிச்சை விரைந்து பரவியது. இன்று 55 லட்சத்துக்கு மேற்பட்டோர் மருந்து பெறுகின்றனர். 2005 அளவில் சுமார் 54ஆகச் சரிந்த சராசரி ஆயுள் 65ஐத் தாண்டியுள்ளது. 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைக் குறைத்ததால், ஆயிரக்கணக்கான எச்.ஐ.வி. பணியாளர்கள் அங்கு வேலையிழந்தனர்.